'எவ்வளவு குறையுதும்மா?': உதவி கேட்டு அலைந்த ஐந்து மாதங்கள்

2024 ஏப்ரல் 23 அன்று மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கினார். அதற்கு மூன்றாம் நாள் காலையில் என் வீட்டுக்காரர் கீழமாரட் வீதி வெங்காய மண்டியில் லாரியிலிருந்து மூட்டையோடு விழுந்தார். வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது. பதினெட்டு வருடமாக அங்கே லோடுமேன். நான் செல்லூரில் வீட்டிலிருந்தே ஜாக்கெட் தைக்கிறேன். மகள் பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். மகன் ஏழாம் வகுப்பு. அன்றிலிருந்து செப்டம்பர் வரை நான் எங்கெங்கே போய் யார் யாரிடம் கேட்டேன், எதில் ஏமாந்தேன், எது கிடைத்தது என்பதை அப்படியே எழுதுகிறேன். அந்த மாதங்களில் எனக்கு இதைச் சொல்ல ஒருவர்கூட இல்லை.

முதல் தவறு முதல் ஒரு மணி நேரத்திலேயே நடந்துவிட்டது. மண்டியிலிருந்து ஆட்டோவில் ஏற்றியவர்கள் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பதறிப்போய் நானும் அங்கேயே ஓடினேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் அங்கே செல்லுமா என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. செல்லாது. இரண்டு நாளில் 41,000 ரூபாய். என் சங்கிலியை அடகு வைத்து 28,000, மீதி அக்கா வீட்டிலும் கையிருப்பிலுமாகப் புரட்டினேன். மூன்றாம் நாள், ஆபரேஷனுக்கு இன்னும் ஒன்றரை லட்சம் ஆகும் என்றபோதுதான் அரசு பெரியாஸ்பத்திரிக்கு மாற்றினோம். அங்கே கம்பி வைத்து ஆபரேஷன் நடந்தது, பணம் வாங்கவில்லை. வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு அந்தக் காப்பீட்டில் வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும், ஆனால் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும். 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்டால் சொல்வார்கள். இந்த எண்ணைப் போனில் சேமித்து வையுங்கள். அடிபட்ட நேரத்தில் தேட முடியாது, எனக்குக் கை நடுங்கியதில் போன் லாக்கைக்கூடத் திறக்க வரவில்லை.

ஆபரேஷன் முடிந்தது. வீட்டுக்கு வந்தோம். அதற்கப்புறம்தான் உண்மையான கஷ்டம். ஆறு மாதம் காலை ஊன்றக் கூடாது என்றார்கள். காப்பீடு சிகிச்சைக்கு உண்டு, அடுப்பு எரிவதற்குக் கிடையாது. வீட்டு வாடகை 5,500. மாதம் 700, 800 ரூபாய்க்கு மாத்திரை. என் தையலில் நல்ல மாதத்தில் ஏழாயிரம் வரும். அவரைக் கவனித்துக்கொண்டு தைத்ததில் நாலாயிரம்கூட வரவில்லை. அப்போது நான் செய்ததுதான் மிகப் பெரிய தவறு. பத்து ரூபாய் வட்டிக்கு 20,000 வாங்கினேன். முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு 18,000தான் கையில் கொடுத்தார்கள். மாதம் 2,000 வட்டி. ஐந்து மாதம் கட்டினேன், முழுசாகப் பத்தாயிரம். ஏன் அங்கே போனேன் என்றால், அங்கே கேள்வி கேட்க மாட்டார்கள். என் கஷ்டத்தை யாரிடமும் விவரிக்க வேண்டாம். அந்த மௌனத்துக்குத்தான் பத்தாயிரம் கொடுத்தேன் என்று இப்போது புரிகிறது.

வீட்டுக்காரரின் சொந்தங்கள் உசிலம்பட்டிப் பக்கம். அவருடைய அண்ணன் வந்து, "பையனுக்கு ஒரு விசேஷம் வை, மொய் விழும், கடனை அடைச்சிரலாம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எங்கள் பக்கம் அது நெடுநாள் வழக்கம், ஒருவரை ஒருவர் தூக்கிவிடும் வழி. ஆனால் மொய் நோட்டில் எழுதும் ஒவ்வொரு ரூபாயும் நாளைக்கு நாம் திருப்பிச் செய்ய வேண்டியது, அதுவும் கூடச் சேர்த்துச் செய்ய வேண்டியது. பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் முதலில் கடன் வாங்க வேண்டும். கால் ஊன்ற முடியாத மனிதரை வைத்துக்கொண்டு இன்னொரு கடன் நோட்டைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வேண்டாம் என்றதில் அவருக்கு வருத்தம்தான்.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸுக்குப் போனேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த வருடம் பாராளுமன்றத் தேர்தல். ஓட்டுப் போட்டு முடிந்திருந்தாலும், எண்ணி முடிக்கும்வரை தேர்தல் நடத்தை விதி இருந்ததால் கூட்டம் இல்லை, பெட்டியில் மனுவைப் போட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். வாசலில் அழுதுகொண்டு நின்றேன். அப்போதுதான் அந்த ஆள் வந்தார். ஐம்பது வயது இருக்கும், வெள்ளைச் சட்டை, கையில் ஃபைல். "என்ன தங்கச்சி பிரச்சினை?" என்று அவ்வளவு கனிவாகக் கேட்டார். ஒரு மாதமாக என்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை. சென்னையில் ஒரு டிரஸ்ட் இருக்கிறது, விபத்தில் அடிபட்ட குடும்பத்துக்கு ஐம்பதாயிரம் தருகிறது, தனக்கு அங்கே ஆள் தெரியும் என்றார். டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார், பாஸ்புக் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டார். ஃபைல் சார்ஜ் 4,500. வட்டிக்கு வாங்கிய பணத்திலிருந்து ஜிபேயில் அனுப்பினேன். பத்து நாள் கழித்துப் போன் வந்தது: ஐம்பதாயிரம் பாஸ் ஆகிவிட்டது, ஜிஎஸ்டி 6,000 கட்டினால் கணக்கில் ஏறிவிடும். அந்த ஆறாயிரத்தையும் புரட்ட நான் கிளம்பினேன் என்பதுதான் உண்மை. மகள்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "நமக்குக் குடுக்குறவங்க நம்மகிட்ட ஏம்மா காசு கேக்குறாங்க?" என்றாள்.

அந்த ஒரு கேள்வி போதும். உதவி செய்கிறவர்கள் உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள். விண்ணப்பத்துக்கும் கேட்க மாட்டார்கள், ஃபைலுக்கும் கேட்க மாட்டார்கள், வரி என்றும் கேட்க மாட்டார்கள். இடையில் ஆள் தேவைப்படும் உதவி உதவியே இல்லை. பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. நான் வெட்கப்பட்டு மூன்று வாரம் கழித்துச் சொன்னேன். ஒன்றும் திரும்பவில்லை. வீட்டுக்காரரிடம் ஆகஸ்ட் வரை சொல்லவே இல்லை.

மே 6 அன்று ரிசல்ட் வந்திருந்தது. மகள் 600க்கு 511. பி.காம். இடம் கிடைத்தது, முதல் வருடக் கட்டணம் 16,800, ஜூலைக்குள் கட்ட வேண்டும். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அவள் ஒன்றும் பேசவில்லை, என் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஹூக் தைக்க ஆரம்பித்துவிட்டாள். வேலைக்குப் போகிறேன் என்று சொல்லாமல் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அன்று இரவு உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். மூன்று பக்கம். கல்யாணம் ஆனதிலிருந்து எங்கள் கஷ்டம் முழுக்க. எட்டு ஜெராக்ஸ் எடுத்து, பெரிய கடைகள், கோயில், சங்கம், சமுதாயத் தலைவர் வீடு என்று கொடுத்தேன். சில இடங்களில் நூறு, இருநூறு கொடுத்து அனுப்பினார்கள். ஒரு கடையில் வாட்ச்மேனைத் தாண்டவே விடவில்லை. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்பதால் பஸ் காசு மிச்சம், போன நாட்கள்தான் போயின. சித்திரைத் திருவிழாவில் தெருவுக்குத் தெரு மோர் கொடுத்து, புளியோதரை கொடுத்து, வாங்கிக்கொள்ளுங்கள் என்று கையைப் பிடித்து இழுக்கும் ஊர் இது. அதே ஊரில் பதினாறாயிரம் கேட்டுப் போனால் எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறதே என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

கதவு சாத்தியிருக்கவில்லை, நான் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன் என்பதைச் சொன்னவர் மகள் சேரப்போகும் கல்லூரியின் ஆபீஸ் கிளார்க். தவணை கேட்கத்தான் அவரிடம் போனேன். தவணை முடியாது என்றார். பிறகு அவரே, "வெளியிலிருந்து பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டுற டிரஸ்ட் நாலஞ்சு இருக்கும்மா, செக் எங்களுக்குத்தானே வருது" என்று ஒரு தாளில் மூன்று பெயரை எழுதிக் கொடுத்தார். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். உள்ளூரில் சிறிதாக உதவி செய்யும் டிரஸ்ட்கள் பலவற்றுக்குப் போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. தாத்தா பெயரில் ஒரு குடும்பம் வைத்திருக்கும், வருடத்துக்கு இருபது முப்பது பிள்ளைகளுக்குச் செய்யும், அவ்வளவுதான். கொடுக்கிறவர்களைத் தேடாதீர்கள், அவர்களிடமிருந்து பணம் வாங்குகிற இடத்தில் கேளுங்கள். படிப்புக்கு என்றால் கல்லூரி ஆபீஸ், பள்ளித் தலைமையாசிரியர். மருந்துக்கு என்றால் ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருக்கும் மெடிக்கல் ஸ்டோர், அங்கே யாருடைய கணக்கில் ஏழைகளுக்கு மருந்து போகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்தத் தாளில் இருந்த முதல் இடம் சிம்மக்கல் பக்கம் ஒரு பழைய வீட்டு மாடி. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் இருந்தார். என் மூன்று பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "எல்லாம் சரிம்மா. இதுல எவ்வளவு குறையுதும்மா? அது எங்கேயும் இல்லையே" என்றார். மொத்தமும்தான் சார் என்றேன். "மொத்தம்னு கேட்டா கமிட்டியில யாரும் வாய் திறக்க மாட்டாங்க. எங்களால ஒரு பிள்ளைக்கு அஞ்சாயிரம்தான் முடியும். மீதி பதினோராயிரத்து சொச்சம் எங்கேருந்து வரும்னு தெரியாம அஞ்சாயிரத்தைக் கொடுத்தா அதுவும் வீணாப் போயிருமேன்னு நினைப்பாங்க" என்றார். எனக்கு முதலில் கோபம் வந்தது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து யோசித்தபோது அவர் சொன்னது நியாயம் என்று பட்டது.

அன்றே மாற்றி எழுதினேன். அரைப் பக்கம். நாங்கள் யார், எங்கே இருக்கிறோம். ஏப்ரலில் என்ன நடந்தது, இரண்டு வரி. கட்டணம் 16,800, கடைசித் தேதி இது. நாங்கள் 7,800 சேர்த்துவிட்டோம். 9,000 குறைகிறது. செக்கைக் கல்லூரி முதல்வர் பெயரில் தந்தால் போதும். கீழே என் கையெழுத்து, போன் நம்பர். கூடவே கல்லூரியின் கட்டணச் சீட்டு, மதிப்பெண் பட்டியல், டிஸ்சார்ஜ் சம்மரி, ரேஷன் கார்டு, வருமானச் சான்றிதழ். 7,800க்கு என் கம்மலை விற்றேன். கடன் வாங்கவில்லை. அந்த டிரஸ்டில் 5,000 கொடுத்தார்கள். அவள் படித்த மாநகராட்சிப் பள்ளியின் தலைமையாசிரியை மூலமாக அங்கே படித்த பழைய மாணவர்கள் சிலர் 4,000 கட்டினார்கள். இரண்டு பேரிடமும் மற்றவர் தருவதைச் சொல்லித்தான் கேட்டேன். சொன்னால் குறைத்துவிடுவார்களோ என்று பயம் இருந்தது. நடந்தது நேர்மாறு: ஒருவர் தருகிறார் என்று தெரிந்ததும் அடுத்தவருக்கு நம்பிக்கை வந்தது. மறைத்துவிடாதீர்கள். இந்த ஊரில் கொடுப்பவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், ஒரே ரசீதை இரண்டு இடத்தில் காட்டினால் அடுத்த வருடம் ஒருவரும் தரமாட்டார்கள்.

கையில் பணமாகத் தரவில்லையே, நம்மை நம்பவில்லையா என்று அப்போது மனசு சுருங்கத்தான் செய்தது. ஆனால் அவர்களுக்கும் ஆடிட்டர் இருக்கிறார், ரசீது வேண்டும். அதோடு, கையில் வந்திருந்தால் வட்டிக்காரர் வாசலில் நின்ற அன்றைக்கே அது போயிருக்கும்.

வருமானச் சான்றிதழைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் எனக்கு 22 நாள் போயிற்று. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டினேன். விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாலுகா ஆபீஸ் என்று மேலே போகும். என் ஆதாரில் செல்லூர் முகவரி, ரேஷன் கார்டில் பழைய ஆரப்பாளையம் முகவரி. முதல் முறை நிராகரித்துவிட்டார்கள். முகவரியைச் சரி செய்து மறுபடி போட வேண்டியதாயிற்று. அதற்குள் கிளார்க் எழுதிக் கொடுத்த இரண்டாவது டிரஸ்டின் கமிட்டி கூடி முடிந்துவிட்டது, "ஜூன் கடைசியோட முடிச்சிட்டோம், அடுத்த வருஷம் வாங்க" என்றார்கள். வீட்டில் எந்தக் கஷ்டமும் இல்லாத நாளிலேயே எல்லா அட்டையிலும் பெயரும் முகவரியும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சான்றிதழ் ஆன்லைனில் வருவது, எத்தனை பிரிண்டும் எடுக்கலாம், யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

இப்படி ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு காலம் இருக்கிறது. படிப்புக்கு மே, ஜூன். ரோட்டரி, லயன்ஸ் மாதிரி சங்கங்களுக்கு ஜூலை 1 அன்று புது வருடம் தொடங்கும், புதுத் தலைவர் வருவார். அந்தச் சமயத்தில் கேட்டால் அந்த வருடத் திட்டத்தில் சேர்ப்பார்கள், ஏப்ரலில் போனால் கணக்கு முடிந்திருக்கும். கோரிப்பாளையத்தில் எனக்குத் தைக்கத் துணி கொடுக்கும் பாய் வீட்டு அம்மா சொன்னார்கள், ஜகாத் பெரும்பாலும் ரமலானில் கொடுத்துவிடுவார்கள், அது அவர்களுடைய மக்களுக்கு உரியது, மற்ற தர்மத்தை யாருக்கும் எப்போதும் செய்யலாம் என்று. சொல்லிவிட்டு அவர்களே ஒரு மாதத்து மாத்திரையை வாங்கித் தந்தார்கள்.

சங்கம் ஒன்றில் நான் பணம் கேட்கவில்லை. காலால் மிதிக்கிற என் தையல் மெஷினுக்கு ஒரு மோட்டார் கேட்டேன், 2,200 ரூபாய். பொருளாகக் கேட்டதும் உடனே சரி என்றார்கள். மோட்டார் வந்த பிறகு ஒரு நாளைக்கு நாலு ஜாக்கெட் தைத்த இடத்தில் ஆறு தைக்க முடிகிறது. கொடுக்கும்போது பேனர் கட்டி போட்டோ எடுத்தார்கள். எனக்குச் சம்மதம்தான், ஆனால் பிள்ளைகள் வேண்டாம் என்று முன்னாலேயே சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள். வேறொரு இடத்தில் நோட்டுப் புத்தகம் கொடுக்க மகன் போட்டோவில் நின்றே ஆக வேண்டும் என்றார்கள். அவன் முகத்தைப் பார்த்தேன், வேண்டாம் என்று கூட்டி வந்துவிட்டேன். முன்னூறு ரூபாய் பெறுமான நோட்டுப் புத்தகம்தான். அன்று வீட்டுக்கு வரும்வரை அவன் என் கையை விடவில்லை.

மளிகைக்கு உதவியவர்கள் பக்கத்துச் சர்ச்சில் இருக்கும் வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள். நாங்கள் வேறு மதம், அதை அவர்கள் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. ஆனால் கொடுப்பதற்கு முன்னால் வீட்டுக்கு வருவார்கள், அதுதான் அவர்கள் முறை. ஒரு ஞாயிறு சாயங்காலம் இரண்டு பேர் வந்தார்கள். டிவியைப் பார்த்தால் கஷ்டம் இல்லை என்று நினைப்பார்களோ என்று அதன் மேல் சேலையைப் போட்டு மூடி வைத்திருந்தேன். அரசு கொடுத்த பழைய டிவி அது. அவர்கள் டிவியைப் பார்க்கவே இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் வீட்டுக்காரரிடம் அரை மணி நேரம் மண்டி வேலையைப் பற்றிப் பேசினார்கள். மூன்று மாதத்தில் அவர் சிரித்தது அன்றுதான். இரண்டு தடவை 1,250 ரூபாய்க்கு அரிசி, பருப்பு, எண்ணெய். மாத்திரைக்கு 1,500. வீட்டுக்கு வருகிறவர்களிடம் எதையும் மூடி வைக்காதீர்கள். கடன் எவ்வளவு என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். வட்டிக் கடனை அவர்களால் அடைக்க முடியாது, ஆனால் அந்த விவரம் தெரிந்துதான் மாத்திரைக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாய் வீட்டு மாத்திரையையும் நூறு, இருநூறுகளையும் விட்டுவிட்டால், மளிகையும் மாத்திரையும் 4,000, கட்டணம் 9,000, மோட்டார் 2,200. மொத்தம் 15,200. வட்டியிலும் ஏமாந்ததிலும் போனது 14,500. மே மாதமே அந்த கிளார்க்கைப் பார்த்திருந்தால், சபைக்காரர்களை அழைத்திருந்தால், இருபதாயிரத்தை வாங்கியிருக்கவே வேண்டாம்.

அரசு தருவதிலும் சிலவற்றைத் தெரியாமல் விட்டேன். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு, 2022 செப்டம்பரிலிருந்து கொடுக்கிறார்கள். மாநகராட்சிப் பள்ளிக்கும் பொருந்தும், கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். வகுப்புத் தோழி சொல்லித்தான் மகளுக்கே தெரிந்தது. அவளுடைய பஸ்ஸும் புத்தகமும் இப்போது அதில்தான் ஓடுகின்றன. இன்னொன்று என் வீட்டுக்காரரின் உடலுழைப்புத் தொழிலாளர் நலவாரிய அட்டை. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியது. டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால் காலாவதியாகி எட்டு வருடம். அட்டை நடப்பில் இருந்திருந்தால் மகளின் படிப்புக்கு அதிலும் கேட்டிருக்கலாம். மண்டியில் அவரோடு வேலை பார்க்கிற ஒன்பது பேரிடம் அட்டையை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஆறு பேருடையது காலாவதி. இரண்டு பேர் பதிவே செய்யவில்லை.

அவர் இப்போது மண்டியில் எடை போடுகிற வேலை பார்க்கிறார், மூட்டை தூக்குவதில்லை. கூலி முன்பைவிடக் குறைவு. மகள் பி.காம். இரண்டாம் வருடம் போய்விட்டாள். இந்த முறை ஏப்ரலிலேயே அரைப் பக்கக் கடிதத்தை எழுதி, 3,500 மட்டும் குறைகிறது என்று சிம்மக்கல் மாடியில் கொடுத்துவிட்டு வந்தேன். சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது.